சொத்தையில்லாத கத்திரிக்காய்

விம்கோ நகரில் என் அக்கா சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஓட்டும் டிரைவர்கள்தான் அவளுக்கு முக்கியமான வாடிக்கை. அவள் வைக்கும் கத்திரிக்காய் கருவாட்டுக் குழம்புக்காகவே எண்ணூரிலிருந்து வருகிறவர்கள் உண்டு. நான் ஒரு நாளிதழில் விவசாயச் செய்திகள் எழுதுகிறேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருவன், பத்திரிகையை விட்டுவிட்டு யூடியூப் சேனல் தொடங்கியிருந்தான். எந்தச் சாப்பாட்டில் என்ன விஷம் என்று சொல்வதுதான் அவன் பிழைப்பு. ஒரு மதியம் அக்கா கடைக்கு வந்தான். குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். போகும்போது சமையல்கட்டைப் படம் பிடித்துக்கொண்டான். அவள் என் அக்கா என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருப்பான்.

வீடியோவில் அக்காவின் கூடையிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்து, வாசலில் நின்று பிளந்து காட்டினான். "ஒரு புழுகூட இல்லை, பாருங்கள். இதுதான் மரபணு மாற்றிய கத்திரிக்காய்!" பின்னால் கடையின் போர்டு பளிச்சென்று தெரிந்தது.

அந்த வாரமே பெஞ்சுகள் காலியாயின. மீந்த குழம்பைக் கொட்டிக்கொண்டே அக்கா கேட்டாள்:

"சொத்தைய போட்டா கலீஜுன்றானுங்க. பொறுக்கிப் பொறுக்கி நல்லதா வாங்கினா விஷம்ன்றான். நான் இன்னாடி பண்றது?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் என் கோபம் கொஞ்சம் கரைந்திருக்குமோ என்னவோ.

புழு அரிக்காதபடி மரபணு மாற்றிய கத்திரிக்காயைப் பயிரிட நம் நாட்டில் அனுமதி கிடையாது. எங்காவது திருட்டுத்தனமாக விளைந்தாலும், சோதனை செய்யாமல் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அக்காவுக்குக் காய் கொடுக்கும் வியாபாரியைப் பிடித்து, அவர் மூலம் திருவள்ளூர் பக்கத்து விவசாயியைப் பிடித்தேன். "நாட்டு ரகம்மா. சொத்தைய நானே கழிச்சுட்டுதான் மூட்டை கட்டுவேன்" என்றார். கடை என் அக்காவுடையது என்பதை ஆசிரியரிடம் சொன்னேன். அதையும் சேர்த்தே எழுதச் சொன்னார்.

கடைசியாக அவனுக்குப் போன் செய்தேன். கட்டுரைக்காகப் பேசுகிறேன் என்று முதலிலேயே சொன்னேன்.

"எந்த லேப்ல டெஸ்ட் பண்ணீங்க?"

"பார்த்தாலே தெரியுதே."

"அப்போ டெஸ்ட் பண்ணல?"

குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நீ நம்ம ஆளு. இதையெல்லாம் போடாதே."

அதையும் போட்டேன், ஒரு எழுத்து மாறாமல்.

கட்டுரை வந்ததும் அவனுக்கு விளம்பரம் கொடுத்தவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். வீடியோவை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்கக் கடைக்கே வந்தான். நானும் அன்று அங்கே இருந்தேன். கல்லாப்பெட்டி பக்கம் குனிந்து அக்காவிடம் என்னவோ முணுமுணுத்தான்.

"எனக்கு மட்டும் ஏன் நைனா சொல்ற?" என்றாள் அக்கா. "அன்னிக்கு ஊருக்கே சொன்னல்ல? வெளிய நின்னு சொல்லு."

சாப்பாட்டு நேரம். வாசலில் நாலைந்து டிரைவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். விட்டுவிடச் சொல்வேன் என்று நினைத்திருப்பான். நான் தண்ணீர் குடித்தேன்.

வெளியே போய், "நான் சொன்னது தப்பு" என்றான்.

"கேக்கல" என்றாள் அக்கா.

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. அது போகும்வரை காத்திருந்து, அவனை மறுபடி சொல்ல வைத்தாள். மூன்றாவது முறை அவன் குரல் உடைந்தது. எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்றிருந்தது.

பழைய கூட்டம் முழுதாகத் திரும்பவில்லை. அந்த வீடியோவின் துண்டு இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

போன வருடம் சேனலை மூடிவிட்டு எங்கள் நாளிதழிலேயே வேலை கேட்டு வந்தான். புதிதாக வந்திருந்த ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, ஆள் எப்படி என்று கேட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல், நிதானமாகச் சொன்னேன். அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. அவனுக்குக் குடும்பம் இருக்கிறது என்று அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார்.

"எங்க அக்காவுக்கும் இருக்கு" என்றேன்.