பானு தொடாத கணினி

பள்ளியைப் பாதியில் விட்டு ஊர் ஊராகத் திரிந்தபோது பொறுக்கிக்கொண்டதுதான் எனக்குத் தெரிந்த பைத்தான் என்ற கணினி மொழி. அதில் உத்தமபாளையத்துக் காய்கறி மண்டி ஒன்றுக்கு எடைச்சீட்டு அடிக்கும் நிரலை எழுதியிருந்தேன். எடைமேடையோடு பேச, அதைச் செய்தவர்கள் கொடுத்த ஒரு கோப்பை நிரல் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அன்று எல்லாவற்றையும் புதுக் கணினிக்கு மாற்றினேன். ‘கோப்பைக் காணவில்லை’ என்றது திரை. கோப்போ என் கண்ணெதிரே இருந்தது. மூன்று மணி நேரமாக அதே பதில். சீட்டில்லாமல் கேரள லாரி சரக்கு ஏற்றாது. கோஸ் மூட்டைகள் வெயிலில் வாடின. எரிச்சலில், சீட்டு அடிக்கும் பானுதான் எதையோ நோண்டிவிட்டாள் என்று எல்லோர் முன்பும் கத்தினேன்.

“நான் தொடவே இல்லண்ணே” என்றாள். முதலாளி அவளை நாளை முதல் வரவேண்டாம் என்றார்.

வாசலில் சும்மா நின்ற சுமைதூக்குபவர் மீதும் பாய்ந்தேன். “மூட்டைய நிழலுக்காவது தூக்கலாம்ல?”

“நான் இங்கன நிக்கிறேன், சரி. முதுகுல ஏத்திவிடுற என் ஜோடி டீக்கடையில இருக்காகல்ல! ஒத்தையில எப்பிடித் தூக்க? நீங்க வந்து ஏத்திவிடுறீகளா?”

அப்போதுதான் உறைத்தது. என் கோப்புக்கும் ஒரு ஜோடிக் கோப்பு உண்டு. அதைப் பழைய கணினியிலேயே விட்டுவந்திருந்தேன். திரை காணவில்லை என்றது அதைத்தான். எடுத்துப் போட்டதும் சீட்டு வந்தது.

முதலாளியிடம் தனியாகப் போய், தப்பு என்னுடையது என்றேன். அவர் பானுவை வேலையில் தொடரச் சொன்னார். அவள் வேலைக்குத் திரும்பாமல் நேராக என்னிடம் வந்தாள்.

“கத்துனது கூட்டத்துலதானண்ணே? இதையும் அங்கனயே சொல்லுங்க.”

சொன்னேன். லாரிக்காரர் வரை சிரித்தார்கள். இப்போதெல்லாம் திரை எதையாவது காணவில்லை என்றால், நான் எதை விட்டுவந்தேன் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.