வேறொருத்தியின் குரல்

என் படங்களில் நடிப்பவருக்கு வேறொருவரைக் குரல் கொடுக்க விடுவதில்லை. அவர் வாய் திறக்கும்போது அந்த இடத்தின் காற்றும் தூரத்து லோரிச் சத்தமும் சேர்ந்தே பதிவாக வேண்டும் என்பது என் பிடிவாதம். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்றால் திரையில் மனிதர் இருக்கமாட்டார், பொம்மைதான் இருக்கும். இதை நான் யாரிடம் அதிகம் பேசியிருப்பேனோ, அந்த நண்பன்தான் என் படத்தொகுப்பாளன்.

போன படத்தில் தாயாக நடித்தவர் எங்கள் மலேசியாவில், காப்பார் ஊரில் பள்ளி வேன் ஓட்டும் அக்கா. கேமரா முன் நின்று பழக்கமில்லை. கரகரத்த குரல். மகன் இறந்த செய்தி வரும் காட்சியில் அவர் அழவில்லை. "சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டார். நான் எழுதாத வசனம். 'கட்' சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படத்தொகுப்பு முடிந்த சமயம் எனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஒலிக்கலவை மட்டும் பாக்கி. "நீ படு மச்சான், நான் பாத்துக்கறேன்லா" என்றான் நண்பன்.

கிள்ளான் திரையரங்கில் படத்தின் முதல் காட்சி. தன் வேனில் வரும் பிள்ளைகளின் அம்மாக்களையெல்லாம் அழைத்துக்கொண்டு, அக்கா புதுப் புடவையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் அவர் வாய் திறந்தது. வந்தது வேறு குரல். தமிழ்நாட்டுச் சாயலில், பழகிய, வழவழப்பான குரல். "சாப்பிட்டானா?"வுக்குப் பின்னால் ஒரு விம்மலையும் சேர்த்திருந்தார்கள். அரங்கமே மூக்கை உறிஞ்சியது. அக்கா மட்டும் தொண்டையில் கை வைத்தபடி அசையாமல் இருந்தார்.

வெளியே வந்ததும் மெல்லக் கேட்டார். "என் கொரல் நல்லா இல்லன்னு அப்பவே சொல்லிருக்கலாமே தம்பி?"

"எனக்கே தெரியாதுக்கா."

நம்பினாரா, தெரியவில்லை. அம்மாக்கள் கைப்பேசியில் சேர்ந்து படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நண்பனைப் பிடித்தேன்.

"நம்ம மலேசியத் தமிழ் தமிழ்நாட்டுல விக்காதுன்னு தயாரிப்பாளர் சொன்னாரு. நான் என்ன செய்ய?"

"தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தியே. ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா நீ ஒத்துக்கமாட்ட. அதான் சொல்லல." சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான்: "எல்லாரும் அழுதாங்கல்ல, பாஸ்? வேற என்ன வேணும்?"

எத்தனையோ வருடமாக என்னை மச்சான் என்று கூப்பிட்டவன். அந்த 'பாஸ்'தான் சுட்டது. சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஒலியை மாற்றத் தயாரிப்பாளர் சம்மதிக்கவில்லை. படமும் நன்றாக ஓடியது. அடுத்த படத்துக்கு அழைக்க அக்கா வீட்டுக்குப் போனேன். தேநீர் கொடுத்து உபசரித்தார்.

"உங்க மேல கோவமில்ல தம்பி. ஆனா எனக்கு வேணாம்லா. 'ஆன்டி, உங்க உண்மையான வாய்ஸ் எது'ன்னு பிள்ளைங்க வேன்ல கேக்குதுங்க."

இப்போது நண்பனுக்குப் பதில் ஒரு பெண் என் படத்தைத் தொகுக்கிறார். கெட்டிக்காரர். ஒலிக்கலவை முடியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தும்.