ஒருசந்தியும் காலை நடையும்

நெம்மேலி ஜெனிட்டாவுக்கு வயது நாற்பத்தெட்டு. அவர் ஓட்டும் பள்ளி வேனில் பதினோரு பிள்ளைகள். இந்த மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, அந்தப் பதினோரு பேரும் உள்ளே இருக்கும்போதே அவர் கை ஸ்டியரிங்கில் நடுங்கியது.

நாள் முழுக்க உட்கார்ந்தபடி செய்யும் வேலை. போன வருடம் முட்டி பிடித்துக்கொண்டது, கூடவே சர்க்கரையும் இருப்பது தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்து, நடக்கச் சொன்னார்கள். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவோடு விடிந்ததும் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். குடிநீர் ஆலைச் சுவரிலிருந்து படகுகள் நிற்கும் இடம் வரை போய்த் திரும்புவார்கள். முட்டிவலி குறைந்தது. வேனில் கம்பியைப் பிடிக்காமல் ஏறினார்.

தவக்காலம் வந்தது. ஜெனிட்டா ஆண்டுதோறும் ஒருசந்தி இருப்பவர். காலையில் உணவு கிடையாது, மதியம்தான் முதல் சோறு. நடையை விடவில்லை. மாத்திரையையும் விடவில்லை. எழுந்ததும் அதை விழுங்கிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார்.

சில நாளிலேயே மணலில் நடக்கும்போது நெஞ்சு படபடத்தது. கழுத்தில் வேர்வை வழிந்தது.

"இன்னாக்கா இது, காத்து ஜில்லுனு அடிச்சிகினு கீது. எனக்கு மட்டும் ஊத்துது."

"தீட்டு நிக்கற வயசுடி. நானும் ரெண்டு வருசம் ஃபேனுக்கு அடியில குந்திகினு வேர்த்தேன். எங்க வூட்டுக்காரரு, மழையில நனைஞ்சியான்னு கேட்டாரு."

ஜெனிட்டா சிரித்தார். திரும்பும் வழியில் ஒரு டீ. ஒருசந்திக்கு டீ மட்டும் விலக்கு என்று அவரே வைத்துக்கொண்ட சலுகை அது. சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல மட்டும் தினமும் மறந்துவிடும். குடித்த கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கிவிடும். வயசுதான் காரணம் என்று நம்பினார்.

அந்த வியாழக்கிழமை நேரமாகிவிட்டதால் டீ குடிக்காமலே வேனை எடுத்தார். பட்டிபுலம் தாண்டும்போது எதிரே வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. ஓரம் கட்டினார். பின்சீட்டில் பிள்ளைகளின் பாட்டு நின்றது. சாலையோர டீக்கடைக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, சீட்டில் இருந்தபடியே குடித்தார். கை நிலைக்கு வரும்வரை சாவியைத் தொடவில்லை. ஏன் தாமதம் என்று பள்ளியில் கேட்டதற்கு, பஞ்சர் என்றார்.

சாயங்காலம் சந்திரம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"வெளிய சொல்லாதடி. சாவிய புடுங்கிடுவாங்க. இந்த வயசுல வேற எவன் வண்டி குடுப்பான்?" என்றார் சந்திரம்மா.

"குடுக்க மாட்டான். ஆனா நாளைக்கும் அப்டி ஆச்சுனா? பசங்க கீறாங்க உள்ள."

சந்திரம்மா, "காலைல சுகாதார நிலையத்துக்குப் போலாம். நானும் வரேன்" என்றார்.

மறுநாள் வேனுக்கு விடுப்பு. வயிற்றுவலி என்று இன்னொரு பொய். செவிலியர் ரோகிணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"டீ குடிச்சா சரியாயிடுதா?"

"ஆமா மேடம்."

"அப்ப இது வயசு வேர்வை இல்லக்கா. மாத்திரையும் சர்க்கரைய இறக்குது, நடையும் இறக்குது. வயித்துல ஒண்ணும் இல்ல. சர்க்கரை ரொம்ப கீழ போயிடுது. ஒருசந்தி இருக்கேன்னு ஏன் முன்னமே சொல்லல?"

"அது கோயில் விஷயமாச்சே மேடம்."

ரோகிணி, சந்திரம்மா பக்கம் திரும்பினார். "நீங்கதான் வயசுன்னு சொன்ன டாக்டரா?"

"நான் ஃபீஸு வாங்கலம்மா" என்றார் சந்திரம்மா.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். மாத்திரை போடும் காலம்வரை ஒருசந்தி வேண்டாம், கேட்டால் பங்குச் சாமியாரும் இதையேதான் சொல்வார் என்றார். நடையை நிறுத்தவேண்டியதில்லை. ஏதாவது சாப்பிட்டுவிட்டு நடக்கவேண்டும், துண்டின் முனையில் நாலு சாக்லேட் முடிந்துகொள்ளவேண்டும். கால் தசைக்காக, கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை ரோகிணி செய்து காட்டினார். கடைசியாக டாக்டர் சொன்னதுதான் ஜெனிட்டாவுக்கு இறங்கவில்லை. சர்க்கரை அளவு நிலையாகும்வரை வண்டி ஓட்டக்கூடாது.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று, பள்ளித் தலைமை ஆசிரியையிடம் பேசப் போனை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"மேடம், நேத்து பஞ்சர் இல்ல" என்று ஆரம்பித்தார். மாத்திரை, ஒருசந்தி, லாரி என்று வரிசையாகச் சொல்லி முடித்தார். தலைமை ஆசிரியை, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

முடிவு சனிக்கிழமை வந்தது. திங்கள் முதல் வேனை மாற்று ஓட்டுநர் பூபாலன் ஓட்டுவார். ஜெனிட்டா அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பார். சாவியைத் திருப்பித் தருவது பற்றி டாக்டரின் சான்று வந்தபிறகு பேசுவார்கள்.