அம்மை வீட்டில் கருவாடு வாசம்

மலாயாவில், பெக்கோக்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரஸராக இருந்தேன். டிரஸர் என்றால் பாதி டாக்டர் என்று ஜனங்கள் நம்பினார்கள். எந்தப் பாதி என்று யாரும் கேட்காததால் என் பிழைப்பு ஓடியது. ஜப்பான்காரன் வந்த பிறகு மருந்து வருவது நின்றுபோனது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு போத்தல் டிங்சரும், வாசனை மட்டும் மிச்சமிருந்த ஒரு கொயினா மாத்திரை டப்பாவும், நானும்தான் இருந்தோம். மூன்றில் டிங்சருக்குத்தான் மரியாதை அதிகம்.

வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை அவர் எங்காவது ஒரு விடுதிக்கு அனுப்பிவைப்பார். துரை ஓடிய பிறகு அந்த வேலை யாருடையது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. சாமி சம்பந்தப்பட்டதை மாரியம்மன் கோயில் பூசாரி பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்தும் உபதேசியார் மாதா கோயில் குடும்பங்களைப் பார்த்தார். மரத்தில் பால் வெட்டப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகையை ஆயா பார்த்தாள். நோயை நான் பார்த்தேன், தூரத்திலிருந்து. ஒரு திருவிழாவில் கோயில் மேளமும் மாதா கோயில் மணியும் போட்டி போட்ட நாளிலிருந்து பூசாரியும் உபதேசியாரும் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் வரும் வழியில் மற்றவர் வந்தால் இருவருக்கும் செருப்பில் முள் குத்திவிடும். இருவருமே செருப்பு போடாதவர்கள்.

இந்த நிலையில்தான் அந்தப் பெண்ணும் அவள் தம்பியும் தனியாக நின்றார்கள். அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. அம்மா அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா தீச்சட்டி எடுத்தவர், அம்மா ஜெபமாலை உருட்டியவள். பிள்ளைகள் எங்கள் ஆட்கள் என்று பூசாரி சொன்னார். ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று, எங்கள் பிள்ளைகள் என்று உபதேசியார் சொன்னார். இவர்கள் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் ஆயா இருவரையும் கூட்டிப்போய் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தாள்.

பெண்ணுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். தம்பி மடியில் உட்காருகிற வயது. மரவள்ளிக்கிழங்கில் என்ன சத்து இருந்ததோ, அவள் மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்து நின்றாள். அந்த உயரம்தான் ஆபத்து. சயாமுக்கு ஆள் போதவில்லை. குடும்பம் இல்லாதவர்களையும், சங்கோல் பிடித்து மண்வெட்டும் உயரம் உள்ளவர்களையும் கொண்டுபோகிறார்கள் என்று எல்லாத் தோட்டத்திலும் பேச்சு. அவள் இரண்டு கணக்கிலும் வந்தாள்.

ஒருநாள் காலை, ஆள் பிடிக்கும் கங்காணி வந்து அவளைப் பற்றி விசாரித்தான். பூசாரியிடம் முதலில் கேட்டான். குளுவாங்கில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார் அவர். அடுத்து உபதேசியாரிடம் கேட்டான். ஜொகூர் பாருவில் கன்னியாஸ்திரிகளிடம் விட்டிருக்கிறோம் என்றார். கடைசியாக என்னிடம் வந்தான். ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடக்கிறாள் என்று நான் முகத்தை மிக வருத்தமாக வைத்துக்கொண்டு சொன்னேன். அந்த முகம் எனக்கு நன்றாக வரும். அப்போது அவள் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்து போனாள்.

கங்காணி கோபப்படவில்லை. திங்கட்கிழமை லாரியோடு ஜப்பான் அதிகாரியே வருவார், அன்றைக்கு அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினான்.

ஆயா எங்கள் மூவரையும் கொட்டகைக்கு வரவழைத்தாள். ஆயா கூப்பிட்டு வராமல் இருக்க முடியாது, தோட்டத்தில் பாதிப் பேரை அவள்தான் குளிப்பாட்டி வளர்த்தவள். பூசாரி ஒரு மூலையிலும் உபதேசியார் எதிர் மூலையிலும் நின்றார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு நான் நடுவில் நின்றேன்.

"ஒரு பொண்ணுக்கு மூணு பொய்யா? ஆளுக்கு ஒண்ணு வச்சிக்கிட்டு அலையிறீங்க. மூணு பேரும் சேந்து ஒரே பொய்யா சொல்லுங்கய்யா."

அந்த ஒரே பொய்யைக் கண்டுபிடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. ஜப்பான்காரர்களுக்குத் தொற்று நோய் என்றால் பயம் என்று நான் சொன்னேன். அது எனக்கும் உள்ள பயம் என்பதால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. பெரியம்மை என்று முடிவானது. வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஆயா கொட்டகையின் உள்ளறையைக் கொடுத்தாள். கோயில் வேப்பமரத்தில் கொப்பு ஒடிக்கப் பூசாரி ஒத்துக்கொண்டார். கொட்டகையைச் சுற்றி யாரும் வரக்கூடாது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சொல்லிவருவது உபதேசியார் பொறுப்பு. அம்மையை வரவழைப்பது என் பொறுப்பு.

திங்கட்கிழமை காலை, கொட்டகைக்குப் பக்கத்து மரத்தில் வெட்டிய பாலைச் சிரட்டையில் பிடித்து, பூசாரி கொடுத்த குங்குமமும் மஞ்சளும் கலந்து, ஈர்க்குச்சியால் தொட்டுத் தொட்டு அவள் முகத்திலும் கையிலும் வைத்தேன். ரப்பர் பால் காய்ந்ததும் மேடு மேடாக எழுந்து நின்றது. என் வாழ்நாளில் நான் செய்த வைத்தியத்தில் உடனே பலன் தெரிந்தது அது ஒன்றுதான். தம்பி தனக்கும் வேண்டும் என்று அழுதான். அவன் மூக்கில் ஒன்று வைத்தேன்.

வாசலில் வேப்பிலை கட்டும்போது பூசாரிக்குக் கை எட்டவில்லை. உபதேசியார் வந்து கொப்பைத் தூக்கிப் பிடித்தார். பூசாரி கட்டினார்.

பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், லாரி வந்து நின்றது. அதிகாரி குட்டையான மனிதர், இடுப்பில் வாள். கூடவே ஒரு தமிழர், மொழிபெயர்ப்பாளர். முன்பு சிங்கப்பூரில் குமாஸ்தாவாக இருந்தவராம். நாங்கள் சாக்குத் துணி கட்டித் திரிந்த காலத்தில் அவர் சட்டையில் பெட்டி போட்ட மடிப்பு இருந்தது. நாங்கள் இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினோம். நான் நிமிரக் கொஞ்சம் தாமதமானது. மரியாதையால் இல்லை, அந்த வாள் நேராக என் கண் முன்னால் இருந்தது.

கொட்டகை வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் அதிகாரி நின்றுவிட்டார். மொழிபெயர்ப்பாளர் ஏதோ சொல்ல, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் என்னைக் காட்டி, அவளை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

உள்ளே போனேன். அவள் அசையாமல் படுத்திருந்தாள். பக்கத்தில் தம்பி உட்கார்ந்து அக்காவின் கன்னத்து அம்மையை ஒவ்வொன்றாக உரித்து, உள்ளங்கையில் உருட்டிப் பந்து செய்துகொண்டிருந்தான். தோட்டத்துப் பிள்ளைகள் காய்ந்த ஒட்டுப்பாலைப் பார்த்தால் பந்து உருட்டாமல் இருக்கமாட்டார்கள். இது காலையில் என் மூளைக்கு எட்டவில்லை. ஒரு கன்னம் முழுதும் குணமாகியிருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில், அழவா வேண்டாமா என்ற கேள்வி மட்டும்தான் இருந்தது. முக்காட்டை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு, பந்தை வாங்கி என் வாயில் போட்டு அடக்கிக்கொண்டு, அவளை வாசல் இருட்டு வரைக்கும் நடத்திவந்தேன்.

அதிகாரி எட்ட நின்றே பார்த்தார். அவர் ஓரடி பின்னால் வைத்தபோதுதான் மொழிபெயர்ப்பாளர் மூக்கை உறிஞ்சினார்.

கொட்டகையின் பின்பக்க அடுப்பிலிருந்து கருவாடு வறுபடும் வாசம் வந்துகொண்டிருந்தது.

பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர் பிள்ளைகளுக்கென்று முந்தின நாள் கொடுத்தனுப்பிய கருவாடு அது. மற்றப் பிள்ளைகளுக்குப் பசி, ஆயாவுக்கு நேரம், அடுப்பில் சட்டி. பொய் உள்ளறையில்தானே இருக்கிறது, சோறு பின்பக்கம்தானே என்று நினைத்துவிட்டாள். அம்மை இறங்கியிருக்கிற வீட்டில் தாளிக்கவே மாட்டார்கள், கருவாடு என்றால் பேச்சே இல்லை. அதிகாரிக்கு அது தெரியாது. சட்டையில் மடிப்பு வைத்த தமிழருக்குத் தெரியும்.

"அம்மை போட்ட வீட்டுல யாராச்சும் கருவாடு வறுப்பாங்களா?" என்றார் அவர், சத்தம் போடாமல்.

என் வாயில் ரப்பர் பந்து. அவள் விரல்கள் என் முழங்கையை இறுக்கின. அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பூசாரி முன்னால் வந்தார். "அது வேதக்காரப் புள்ளைங்கய்யா. தாய் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போனவ. அவங்களுக்கு இந்தக் கட்டெல்லாம் கெடையாது."

பிள்ளைகள் தன்னுடைய ஆட்கள் என்று அத்தனை மாதம் தொண்டை கிழியக் கத்திய மனிதர்.

"அப்ப வேப்பிலை யாரு கட்டுனது?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

உபதேசியாருக்கு வேர்த்துவிட்டது. "அப்பன் மாரியம்மனக் கும்புடுறவருங்க. பூசாரி கட்டுனாரு, நான் கொப்பப் புடிச்சேன். புள்ள எங்க ரெண்டு பேருக்கும் பொதுங்கய்யா."

அன்று பேசப்பட்டதில் அது ஒன்றுதான் முழு உண்மை.

மொழிபெயர்ப்பாளர் ஆயாவைப் பார்த்துச் சட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அவள் கொண்டுவந்து நீட்டினாள். அதிகாரி ஏதோ அதட்டினார். இவர் சட்டியையும், வாசலில் நின்றவளையும், என் உப்பிய கன்னத்தையும் பார்த்தார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பிக் குனிந்து நீளமாகப் பேசினார். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. காட்டிக்கொடுக்கிறாரா காப்பாற்றுகிறாரா என்று குரலிலும் தெரியவில்லை. உபதேசியாரின் கை பூசாரியின் தோளில் இருந்தது. அது அங்கே போனது இருவருக்குமே தெரிந்திருக்காது.

அதிகாரி திரும்பி லாரியை நோக்கி நடந்தார்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு துண்டுக் கருவாட்டை எடுத்துக்கொண்டார். போகும்போது என் காதருகே வந்தார். "டிரஸரே, அடுத்த வாட்டி கருவாட்ட ஆஸ்பத்திரியில வறுக்கச் சொல்லுங்க."

அந்த லாரி காலியாகப் போகவில்லை. கடைசி லயத்திலிருந்து ஒரு கிழவனையும், கல்யாணமாகாத இரண்டு ஆண்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கென்று எங்களிடம் பொய் எதுவும் தயாராக இல்லை. சட்டியில் கருவாடு ஆறிப்போனது.

தேங்காய் எண்ணெய் தடவி அவள் முகத்திலிருந்து பாலை உரித்தேன். கலை ஆர்வத்தில் புருவத்தின் மேலும் இரண்டு வைத்திருந்தேன் போலிருக்கிறது. உரித்தபோது பாதிப் புருவம் கூடவே வந்துவிட்டது. அத்தனை நேரம் அழாதவள் ஆயாவின் கண்ணாடித் துண்டைப் பார்த்ததும் அழுதாள்.

அந்த வாரமே பூசாரியும் உபதேசியாரும் ஒன்றாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கடைசி லயத்தில் தாயில்லாமல் அண்ணன் தம்பி இருவர் இருப்பதாகவும், கங்காணி அந்தப் பக்கம் நடமாடுவதாகவும் ஒருவர் பாதியும் மற்றவர் மீதியுமாகச் சொன்னார்கள். யார் பிள்ளைகள் என்று இருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொட்டகைக்குப் போனோம். ஆயா அடுப்பை அணைத்துச் சாம்பலையும் அள்ளிவிட்டிருந்தாள்.

பால் பிடித்த சிரட்டையோடு அந்தப் பெண் வந்தாள். அந்தப் பையன்களை உட்காரவைத்து, சிரட்டையை என்னிடம் நீட்டினாள். நீட்டிவிட்டுக் கையை விடவில்லை.

"டிரஸரய்யா, புருவத்துல வைக்காதீங்க."