உள்ளங்கை இலக்கங்கள்

இன்று காலை என் வெள்ளைச் சட்டைப் பைக்குள் சிவப்புப் பேனை ஒன்று கசிந்துவிட்டது. பாலத்தடிக்குப் போட்டுக்கொண்டு போவதற்காக நேற்றே தேய்த்து மினுக்கி வைத்திருந்த சட்டை. மருமகள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள்.

“பள்ளிக்கூடத்தை விட்டு எத்தினை வருசம் மாமா? இந்தச் சிவப்புப் பேனையால இனி ஆருக்கு எழுதப் போறியள்?”

அவள் கேட்டது பேனையைப் பற்றி. எனக்கு நினைவு வந்தது கைகள். பேனையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவனுக்கு விடைத்தாள்களின் மணம்தான் வரும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. வெங்காயமும் பீடியும் வைக்கோலும் மணந்தன. அது அங்காலப் பக்கத்து ஆட்களின் உள்ளங்கைகளின் மணம்.

அங்கால என்றால் எது என்று சொல்லிவிடுகிறேன். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் பாதையில் இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். ஊரின் நடுவே குளத்து வாய்க்கால் ஓடுகிறது. இந்தப் பக்கம் பழைய வயற்காரர்களான நாங்கள். அந்தப் பக்கம், கலவரத்துக்கும் பசிக்கும் தப்பி மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்கள் வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அவர்களுடைய இடத்துக்கு ஒரு பெயர் இருந்தது. நாங்கள் அதைச் சொல்வதில்லை. ‘அங்கால’ என்று கையைக் காட்டுவோம், அவ்வளவுதான்.

இரண்டு பக்கத்தையும் இணைத்தது வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட ஒரு மருதங்குற்றி. மாரியில் வாய்க்கால் பெருகினால் குற்றி தண்ணீருக்குள் போய்விடும். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வரமாட்டார்கள். நான் ‘வரவில்லை’ என்று சிவப்பால் குறித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன்.

போர் முடிந்து நாங்கள் திரும்பி வந்து குடியேறிய பிறகு, தேர்தல்களும் திரும்பி வந்தன. சின்னத்துக்கு ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி. பிறகு, அந்தச் சின்னத்தில் நிற்பவர்களில் விரும்பிய ஆட்களின் இலக்கங்கள், மூன்று வரை. தேர்தலுக்கு முதல்நாள் பின்னேரம் ஊர் என் படலைக்கு வந்துவிடும். “ஆருக்கு மாஸ்ரர்?” என்பதுதான் கேள்வி. இந்தப் பக்கத்தவர்கள் உள்ளே வந்து கதிரையில் இருந்து கேட்பார்கள். அங்காலப் பக்கத்தவர்கள் படலைக்கு வெளியே நின்று கையை நீட்டுவார்கள். நான் சிவப்புப் பேனையால் இலக்கங்களை அவர்களின் உள்ளங்கையில் எழுதிவிடுவேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையில் பேனை முனை வழுக்கும். “விரிச்சுப் பிடியுங்கோ, கடதாசி மாதிரி” என்று பகிடி விடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் நல்ல மனுசன் என்று எனக்குள் நினைத்துக்கொள்வேன். அந்தப் பக்கத்து உள்ளங்கைகள் எல்லாம் எனக்குப் பழக்கம். ஒரு வீடுகூடத் தெரியாது.

ஒருமுறை கடும் வெயில். அப்போது வாக்குச் சாவடி தூரத்தில். உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் நெருக்கமாக ஏறி, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனதில் பலருடைய கையிலும் மை வியர்வையில் ஊறிப் பரவிவிட்டது. வயதான மனுசி ஒருத்தி வாக்குச் சாவடி அதிகாரியிடமே கையைக் காட்டியிருக்கிறாள். “இது மூணா எட்டான்னு தெரியலீங்க, எங்க சாரக் கொஞ்சம் கூப்பிடுங்க.” இதைப் பெரிய பகிடியாக நான் எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறேன். வேட்பாளர்கள் வந்து, “மாஸ்ரர், உங்கட ஊர் எப்பிடி?” என்று கேட்டால், “ஊர் என்ர கைக்குள்ள” என்பேன். அதுவும் ஒரு பகிடிதான். ஆனால் நான் சிரிக்காமல் சொல்வேன்.

நானும் ஒரு காலத்தில் இளந்தாரிதான், நம்புங்கள். முதன்முதல் வாக்குப் போடும் வயது வந்தபோது அப்பா சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருத்தி, இன்ன சின்னத்துக்குப் போடு என்றார். பெரியாக்களின் அரசியல் உக்கிப் போச்சு என்று மதகுச் சுவரில் கரியால் எழுதிவிட்டு வந்த கையால்தான் அப்போது சோறு குழைத்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன். போய் வேறு ஆளுக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவும் சொன்னேன். அப்பா ஒரு அறுவடை முடியும்வரை என்னோடு கதைக்கவில்லை. நான் போட்ட ஆள் கட்டுப்பணத்தையும் இழந்தார். நானோ வென்றவன் மாதிரி ஊரெல்லாம் சைக்கிளில் திரிந்தேன்.

அந்தப் பெடியன் எங்கே போனான் என்று யோசித்துப் பார்க்கிறேன். என் அப்பா சொன்னது ஒரு மகனுக்கு. நான் சொன்னது ஒரு ஊருக்கு.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எங்கள் பிரதேச சபைக்குத் தேர்தல் வந்தபோது, ஊரிலிருந்து ஒரு ஆளைச் சொல்லும்படி கட்சிக்காரர் என்னிடம் கேட்டார்கள். அங்காலப் பக்கத்தில் ராமையா என்று ஒருவர். தன் பக்கத்துக் கோயிலை ஆட்களைச் சேர்த்துக் கட்டியவர். நாலு பேருக்கு முன்னால் நின்று கதைக்கத் தெரிந்தவர். கேள்விப்பட்டு என் படலைக்கு வந்தார்.

“ஐயா, இந்தவாட்டி எங்க பக்கத்துல ஒரு ஆளு நின்னா, வாய்க்காலுக்கு ஒரு பாலத்தயாச்சும் கேக்கலாங்க.”

“அடுத்தமுறை பாப்பம் ராமையா. இப்ப என்ன அவசரம்?”

நான் கொடுத்தது என் அக்காவின் புருசனான அத்தானின் பெயரை. அத்தான் கெட்ட மனிதர் அல்ல. இரண்டு உழவு இயந்திரம் வைத்திருந்தார். வாய்க்காலைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை, அவ்வளவுதான். தேர்தலுக்கு முதல்நாள் ராமையா வழக்கம்போல வந்தார். “எழுதுங்கய்யா” என்று கையை நீட்டினார். அந்தக் கையில் அத்தானின் இலக்கத்தை எழுதினேன். அவருடைய கை நடுங்கவில்லை. என்னுடைய கையும் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்குப் பொறுக்கமுடியாமல் இருக்கிறது.

அத்தான் வென்றார். பாலம் வரவில்லை. அடுத்தமுறையும் வந்தது. நான் அதே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக நடந்த சபைத் தேர்தல் வந்தபோது வாக்களிக்கும் முறை மாறியிருந்தது. வட்டாரத்துக்கு ஒரு ஆள், ஒரேயொரு புள்ளடி. அத்தான் எண்பதை நெருங்கியும் மீண்டும் நின்றார். அவருக்கு எதிராக இளம் பிள்ளைகள் கூடி ஒரு சுயேச்சைக் குழு போட்டார்கள். சின்னம் தண்ணீர்க் குழாய். “குழாயில தண்ணியே வராது, வோட்டு வருமோ?” என்று மாங்குளம் சந்தித் தேநீர்க் கடையில் என் வயதுக்காரர் எல்லோரும் சிரித்தோம். வேட்பாளர் யார் என்று தெரிந்தபோது நான் மட்டும் சிரிப்பை நிறுத்தினேன். ராமையாவின் மகள் தர்சிகா. என்னிடம் கணிதம் படித்தவள். மாரியில் எத்தனையோ நாள் நான் ‘வரவில்லை’ போட்டவள். வவுனியாவில் பட்டம் முடித்துவிட்டு வந்திருந்தாள்.

அத்தானை அதிகம் நோகடித்தது அதுவல்ல. தர்சிகாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறித் துண்டுப்பிரசுரம் கொடுத்துத் திரிந்தவள் அவருடைய சொந்தப் பேத்தி கீர்த்தனா. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். ஒருநாள் தன் வீட்டுச் சாப்பாட்டு வேளையில் அத்தான் என்னிடம் பொருமினார்.

“என்ர வீட்டுச் சோத்தைத் திண்டுபோட்டு எனக்கெதிரா நோட்டீஸ் குடுக்கிறாள், பாத்தியே மச்சான்?”

“சோறு உங்கட, அம்மப்பா. வோட்டு என்ர” என்றாள் கீர்த்தனா, சோற்றைக் குழைத்தபடியே.

எனக்கு என் அப்பாவின் முகம் நினைவு வந்தது. அத்தான் என் பக்கம் திரும்பினார்.

“மச்சான், அங்கால ஆக்களுக்கு நீ ஒரு சொல்லுச் சொல்லிவிடு. காணும்.”

“இப்ப ஆரும் படலைக்கு வாறேல்லை அத்தான்.”

ஆனால் ஒருத்தி வந்தாள். அடுத்த நாள் தர்சிகா படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, கேட்காமலே கதிரையில் இருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது என்று அப்போது தெரியவில்லை. கொஞ்சம் திடுக்கிட்டேன், அவ்வளவுதான். ஊர் வாக்கைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பழைய பெருமையில் சாய்ந்து இருந்துகொண்டு கேட்டேன்.

“எத்தினை வோட்டு வேணும் பிள்ளை உனக்கு?”

“உங்கட ஒண்டுதான் சேர். மற்றவையிட்ட நாங்கள் நேர போறம்.”

இத்தனை வருடத்தில் எத்தனை பேர் என் வீட்டுக்கு வாக்குக் கேட்டு வந்திருப்பார்கள்! எல்லோரும் ஊரைக் கேட்டார்கள். என்னுடைய ஒன்றை ஒருவரும் கேட்டதில்லை.

தேர்தலன்று நான் படிப்பித்த அதே வகுப்பறையில் வரிசையில் நின்றேன். முன்னும் பின்னும் இளம் முகங்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் அங்காலப் பக்கத்துப் பிள்ளைகளும் தோளில் தட்டிக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருடைய கையிலும் மை இல்லை. ஒருவருடைய வாக்கும் எனக்குத் தெரியாது. மறைப்புக்குள் போனேன். அத்தானின் சின்னத்தை ஒருதரம் பார்த்தேன். அக்கா உயிரோடு இருந்திருந்தால் என்னை மன்னித்திருக்கமாட்டா. குழாய்க்குப் புள்ளடி போட்டேன்.

பின்னேரம் அங்கேயே பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வென்றாள்! அங்காலப் பக்கத்து வாக்கால் மட்டும் வென்றிருக்க முடியாது. கணக்கு வாத்தியாருக்கு அது தெரியும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்களைக் கேட்காமல் போட்டிருந்தார்கள். பள்ளி வளவுக்குள் பிள்ளைகள் அவளைத் தூக்கிவைத்துக் கூத்தாடினார்கள். கீர்த்தனா தொண்டை கட்டும்வரை கத்தினாள். சின்ன வயதுக்குப் பிறகு நான் அப்படிக் கைதட்டியதில்லை. அத்தான் பார்த்துக்கொண்டே நின்றார்.

“மச்சான், நீயும் குழாய்க்கோ?”

“ஓம் அத்தான்.”

அவரும் ஒரு அறுவடை முடியும்வரை என்னோடு கதைக்கவில்லை.

மறுநாள் காலை நான் வாய்க்கால் கரைக்குப் போனேன். குற்றி பாசி பிடித்துக் கிடந்தது. ஒரு காலை வைத்துவிட்டு மற்றக் காலை எடுக்கமுடியாமல் நின்றேன். அந்தக் கரையிலிருந்து தர்சிகா ஓடி வந்து குற்றியில் பாதித் தூரம் ஏறினாள்.

“கையைத் தாங்கோ சேர்.”

நீட்டினேன். அந்தப் பக்கத்து ஆள் ஒருவரிடம் நான் உள்ளங்கையை நீட்டியது அதுவே முதல்தரம். அவள் இறுக்கிப் பிடித்து என்னை அக்கரைக்குக் கொண்டுபோனாள்.

ராமையாவின் வீட்டு முற்றத்தில் பிளேன்ரீ தந்தார்கள். மனதில் கட்டிவைத்திருந்த முகவுரை எல்லாம் மறந்துவிட்டது.

“ராமையா, அண்டைக்கு உன்னை நிக்கவிடாமல் செய்தது நான்தான். அதுக்குப் பிறகு உன்ர கையிலேயே அத்தான்ர நம்பரை எழுதினனான். பெரிய பிழை.”

“எழுதுனீங்க. போட்டேன்னு யாருங்கய்யா சொன்னா?”

“என்ன?”

“குத்தியில திரும்பி வரும்போதே வாய்க்கால்ல கையக் கழுவிருவோம். எல்லாரும் இல்லீங்க. நானு, எம் பொஞ்சாதி, இன்னுங் கொஞ்சப் பேரு. வாய்க்கா செவந்து ஓடும்!”

உள்ளேயிருந்து அவருடைய மனைவி குரல் கொடுத்தா. “சும்மா பேசுறாரு சார். வெறுந் தண்ணியில அந்த மை எங்க போவுது? சவக்காரம் போட்டாத்தான் போவும்.”

எல்லோரும் சிரித்தோம். ஊர் என் கைக்குள் என்று நான் திரிந்த காலமெல்லாம் என் அரசாட்சி சவர்க்கார நுரையில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. சிரிப்பு அடங்கியபிறகு கேட்டேன்.

“அப்ப ஏன் ஒவ்வொருமுறையும் வந்து கையை நீட்டினனீங்கள்?”

ராமையா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “களை புடுங்குறது, அறுப்பு, எல்லாம் உங்க பக்கந்தானுங்களே. கைய நீட்டலேன்னா மறுநாளு வேலைக்குக் கூப்புடுவாங்களா?”

அவர் கையை நீட்டிவிட்டுக் கழுவினார். மகள் என் வீட்டுக் கதிரையில் இருந்து வாக்குக் கேட்டாள். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற ஆள் நான் என்பதை மட்டும் அன்று விளங்கிக்கொண்டேன்.

தர்சிகா சபையில் கேட்டு வாங்கிய அந்தப் பாலத்தை இன்று காலை திறந்தார்கள். மை பட்ட சட்டையோடுதான் போனேன். மருமகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். மேடையில் எனக்குக் கதிரை போடவில்லை. யாரும் என்னை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிடவில்லை. சனத்தோடு நின்று, சீமெந்துப் பாலத்தில் புத்தகப் பையோடு பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோசமாக நான் எந்த மேடையிலும் இருந்ததில்லை. கீர்த்தனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தானும் நடந்து வந்தார். வாய்க்காலுக்கு அங்கால அவர் கால் வைத்ததை இன்றுதான் கண்டேன்.

மாகாண சபைக்கும் தேர்தல் வரும் என்று கதைக்கிறார்கள். முதல்நாள் பின்னேரம் என் படலைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். “ஆருக்கு மாஸ்ரர்?” என்று கேட்கும் குரல் இந்த ஊரில் இனி இல்லை. அங்கால என்ற சொல்லையும் காணவில்லை. பிள்ளைகள் அந்த இடத்தைப் பெயர் சொல்லியே சொல்கிறார்கள். மருதங்குற்றியையும் தேடிப் பார்த்தேன். வாய்க்காலில் இல்லை. அதைப் பிளந்து அடுப்பில் வைத்துத்தான் வந்த சனத்துக்கெல்லாம் தேநீர் போட்டிருந்தார்கள். கடைசித் துண்டு சிவந்து எரிந்துகொண்டிருந்தது. ராமையா எனக்கு ஒரு கோப்பை கொண்டுவந்து தந்துவிட்டு என் சட்டைப் பையைப் பார்த்தார்.

“என்னங்கய்யா செவப்பா?”

“பழைய பேனை, ராமையா. கசிஞ்சு முடிஞ்சுது.”

“சவக்காரம் போடச் சொல்லுங்க” என்றார்.