இட்லிப் பானையில் ஷட்டில்

தனக்கும் தன் ஆட்ட ஜோடியான என் அக்கா மகளுக்கும் சேர்த்து, என் மகள் பேட்மிண்டன் ஷட்டில்களை இட்லிப் பானை ஆவியில் காட்டிக்கொண்டிருந்தாள். ஆவி பட்டால் இறகு சீக்கிரம் ஒடியாது. அந்த ஈர வாத்திறகு வாடை என்னை இந்த மகர்பட்டா வீட்டிலிருந்து, நாங்கள் வளர்ந்த பழைய கட்கி குவார்ட்டர்ஸ் அடுக்களைக்கு இழுத்துப் போனது.

அங்கே அது அக்காவின் வேலை. நாங்கள் இருவரும் இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. இந்திய அணிக்கு என்னை மட்டும் எடுத்து, வேறொருத்தியோடு சேர்த்தார்கள். மறுநாள் விடியற்காலையிலும் அக்கா பானை முன்னால் நின்றாள்.

"உன் புது பார்ட்னருக்கும் சேர்த்துக் காட்டிட்டேன்டி."

அதற்குப்பின் அவள் மட்டையைத் தொடவில்லை. நான் நாடு நாடாகப் போய் ஆடினேன். ஒரு மேட்ச்கூட அவள் பார்த்ததில்லை. மகள்கள் சேர்ந்து ஆடத் தொடங்கிய பிறகுதான் மறுபடி கோர்ட் பக்கம் வந்தாள்.

மகள் அடுப்பை அணைத்தாள். "அம்மா, கோச் என் பார்ட்னரை சேஞ்ச் பண்ணிட்டார். பெரியம்மாகிட்ட நீயே சொல்லிடேன்."