இந்தத் தவளை இன்னா துன்னும்?

என் மேசையில் பேனாக்களுக்கு நடுவே ஒரு ரப்பர் தவளை உட்கார்ந்திருக்கிறது. பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, பின்னங்கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குஞ்சங்கள். வயிற்றுக்கு அடியிலிருந்த இரட்டை முள்ளைக் கழற்றிவிட்டேன். எழுதுகிறவன் மேசையில் ஏற்கெனவே குத்துகிற சமாச்சாரங்கள் போதுமான அளவுக்கு உண்டு. தவளை வந்த பிளாஸ்டிக் உறையையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த உறைமேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. நான் இதுவரை எழுதியதிலேயே ஆக அழகான வாக்கியம் அந்த ஸ்டிக்கருக்கு அடியில் அடக்கமாகியிருக்கிறது. அடக்கம் செய்தவர் எங்கள் மேனேஜரம்மா.

ஜமுனாமரத்தூரில் பேருந்து நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் பட்டறை. தூண்டில் சாமான் செய்கிற இடம். மலைமேல் எதற்குத் தூண்டில் பட்டறை என்று கேட்காத ஆளில்லை. முதலாளி கோயமுத்தூர்க்காரர், குடும்பத்தோடு சுற்றிப்பார்க்க வந்தவர், குளிர்காற்றில் மயங்கி, தேன் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்த ஒரு பழைய கொட்டகையை வாடகைக்குப் பிடித்துவிட்டார். வியாபாரக் காரணம் என்று இதைவிடப் பெரிதாக எதுவும் கிடையாது. முதல் வருஷம் எங்கள் தக்கைகளை மீன் மொய்த்ததோ இல்லையோ, எறும்பு மொய்த்தது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் நீளமான ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து நைலான் நரம்பைச் சுற்றி, தக்கை கோத்து, ஈயக் குண்டை நரம்பில் நசுக்கி, முள் கட்டி உறையில் போடுவார்கள். 'ஏரி செட்' என்று பெயர். கண்ணமங்கலத்திலிருந்து செங்கம்வரை, சைக்கிள் கடையானாலும் பெட்டிக்கடையானாலும், வாசலில் எங்கள் ஏரி செட் தொங்கும். மழை பெய்து ஏரிகள் நிரம்புகிற ஐப்பசி, கார்த்திகைதான் அதற்குத் தீபாவளி.

அங்கே நான் புதுப்பொருள் பிரிவின் தலைவர். பிரிவில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லாததால் தலைமைப் போட்டி எழவில்லை. தமிழ் இலக்கியம் படித்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவனுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்றால், விளம்பரத்தில் 'தூண்டில்' என்ற சொல்லில் ஒற்று விடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி முதலாளிக்குக் கடிதம் போட்டிருந்தேன். அவர் அதை விண்ணப்பம் என்று நினைத்துவிட்டார். நானும் திருத்தவில்லை.

மேனேஜரம்மா சந்தவாசல்காரர். விவசாயக் குடும்பம். தினமும் காலையில் மலையேறுகிற பேருந்தில் முன்சீட்டில் வருவார். டிரைவர் ஒரு நாள் தாமதித்தால் அவருக்கும் மெமோ கொடுக்கிற தோரணை. சரக்கு அறைச் சாவி அவர் இடுப்பில். அவர் கணக்கில் உலகத்துப் பொருட்கள் எல்லாம் இரண்டே வகை. ஒன்று 'கீது'. மற்றது 'இல்ல'. சென்னையில் இறங்கிவிட்டது, வேலூருக்கு வந்துவிட்டது, லாரியில் ஏற்றியாகிவிட்டது என்பதெல்லாம் அவரைப் பொறுத்தவரை 'இல்ல'வின் கிளைப்பெயர்கள். அலமாரியில் கை வைத்தால் தட்டுப்பட வேண்டும், அதுதான் 'கீது'.

யார் எந்தப் புதுச் சாமானைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது இன்னா துன்னும்?"

முதல்முறை கேட்டபோது மீன் எதைத் தின்னும் என்று கேட்கிறார் என நினைத்து மண்புழுவைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டேன். அவர் கேட்டது வேறு. எந்தப் புதுச் சாமானும் ஒரு பழைய சாமானின் உதிரியைத் தின்றுதான் பிறக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். என் மாதிரியை மேசை நடுவில் வைப்பார். அது தின்னப்போகிற முள், நரம்பு, ஈயம் எல்லாவற்றையும் ஏரி செட்டிலிருந்து பிரித்துச் சுற்றிலும் பரப்புவார். எதிரில் எலும்பும் தோலுமாக ஓர் ஏரி செட் கிடக்கும். "பார்த்துக்கங்க சார். உங்க புள்ள பொறந்துச்சு, எங்க புள்ள பட்டினி." எதிர்க்கட்சி இப்படி இருந்தால் எந்த அரசாங்கமும் பட்ஜெட் போட முடியாது.

தவளை விவகாரம் இப்படித்தான் ஆரம்பித்தது. விரால் பிடிக்க ரப்பர் தவளை வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். நான் செய்துகாட்டினேன். செய்வதற்கு முன்பே உறைக்கான வாசகத்தை எழுதிவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: 'முறுக்கறியாச் சுழல்மூட்டில் அசைந்து, நீரின் நாடி உணர்ந்து நடமிடும் நற்றவளை.' சுழல்மூட்டு என்றால், நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இடையில் மாட்டுகிற, தானே சுழலும் சின்னப் பித்தளை வளையம். ஸ்விவல் என்று பெட்டியில் போட்டிருக்கும். ஏரி செட்டிலும் அது ஒன்று உண்டு. கடல் தாண்டி வர வேண்டிய சரக்கு. அந்த வருஷம் அது எங்கேயோ சிக்கிக்கொண்டு சொட்டுச்சொட்டாக வந்துகொண்டிருந்தது.

புரட்டாசியில் ஒரு காலை. முதலாளி பார்சல் ஆபீசுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, நம்ம ஸ்விவல் எல்லாம் வருதுங்களா?"

"வந்துகினே கீது சார்."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம். வந்துகொண்டே இருக்கிறது! அருவிபோல, இடைவிடாமல். குளியலறையில் சோப்புப் போட்டபடி 'வந்துக்கிட்டே இருக்கேன்' என்று சிநேகிதர்களுக்குப் போனில் சொல்கிற நானே இதை நம்பினேன் என்பதுதான் விசேஷம். தமிழில் இதைவிட நம்பகமான வாக்கியங்கள் எத்தனையோ இருக்க, நாங்கள் இதைப் பிடித்துக்கொண்டோம். முதலாளி அன்றைக்கே எல்லாக் கடைகளுக்கும் வாட்ஸப்பில் தவளையின் படத்தை அனுப்பி, ஐப்பசி முதல் மழைக்குத் தவளை தயார் என்று அறிவித்துவிட்டார். உறைகளும் அச்சாகி வந்துவிட்டன. என் வாக்கியம் நீளம் என்பதால் உறையும் பெரிதாகியிருந்தது.

மேனேஜரம்மா கேள்விப்பட்டதும் நேராக முதலாளி அறைக்கு வந்தார்.

"வந்துகினே கீதுன்னா இன்னா அர்த்தம் தெரியுமா சார் உங்களுக்கு?"

"வந்துட்டே இருக்குதுங்க..."

"இன்னும் கெளம்பலன்னு அர்த்தம்."

அவர் சரக்கு அறைக்குப் போய்க் கேழ்வரகு டின் ஒன்றைத் தூக்கிவந்து மேசைமேல் கவிழ்த்தார். யார் கண்ணிலும் காட்டாமல் அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஸ்விவல்கள். கீழே உருண்டு ஓடின. "இம்மாந்தான் கீது. ஏரி செட்டுக்குப் போட்டா சீசன் தாண்டும். உங்க தவள துன்னுச்சுன்னா தீபாவளிக்கு முன்ன பெஞ்சு காலி."

பெஞ்சு காலி என்று அவர் சொன்னது வெறும் வியாபாரப் பேச்சு இல்லை. மலையில் சாமை அறுப்புக்கும் புளி உலுக்குவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் காபித் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கிற வண்டி வரும். ஒரு வாரம் வேலை நின்றால்கூட எங்கள் பெண்களில் பாதிப் பேர் அதில் ஏறிவிடுவார்கள். பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடவே போய்விடும். போன பெஞ்சு திரும்பி வருமென்று எந்த உத்தரவாதமும் இல்லை. புளி உலுக்கும்வரை வேலைக்கு நான் பொறுப்பு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவைத்திருந்தவர் மேனேஜரம்மா. "எம் மொகத்த பார்த்துதான் ஒக்காந்துகினு கீறாளுங்க" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

தவளையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள் என்பது அவர் கட்சி. நான் விடவில்லை. எனக்கும் வாதம் இருந்தது, அதுவும் அவர் ஊரிலிருந்தே கிடைத்தது. முந்தின வாரம்தான் சந்தவாசல் கடைக்காரர் அவரிடமே சொல்லியிருந்தார்: "புதுசு எதனா குடும்மா. இல்லன்னா மாட்ற எடத்த வேற ஆளுக்கு வுட்டுடுவேன்." இடம் போனால் தவளைக்கு மட்டுமா போகும், ஏரி செட்டும் சேர்ந்துதான் இறங்க வேண்டும். புதுசு பழசைத் தின்கிறது என்பது சரி. ஆனால் புதுசு முன்னால் நின்றால்தான் பழசுக்கே ஆணியில் இடம் கிடைக்கிறது.

மேனேஜரம்மா தவளையைக் கையில் எடுத்துத் திருப்பித்திருப்பிப் பார்த்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேள்வியில் ஒரு சொல் மாறியிருந்தது.

"இது ஸ்விவல ஏன் துன்னுது?"

"நரம்பு முறுக்கிக்காம இருக்க. தூண்டில் தண்ணிக்குள்ள சுத்துறப்போ..." என்று ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் எனக்கே நாக்கு நின்றது. தகடு வைத்த தூண்டில்தான் சுற்றும். தவளை சுற்றாது. அது தண்ணீர்மேல் தத்தித்தத்திப் போகும்.

"சொல்லுங்க சார்."

"உறையில போட்டிருக்கு" என்றேன். அவ்வளவுதான் காரணம். சுழல்மூட்டு என்ற சொல் அழகாக இருந்தது. வாக்கியத்துக்கு அது வேண்டியிருந்தது. வாக்கியத்துக்காகத் தவளை பித்தளையைத் தின்றுகொண்டிருந்தது.

உடனே ஜீப்பை எடுத்துக்கொண்டு மூவரும் ஏரிக்குப் போனோம். ஸ்விவல் வைத்த தவளை ஒன்று, வைக்காதது ஒன்று. நான் வீசியது கரையோரப் புதரில் சிக்கியது. முதலாளி வீசியது அவருடைய தொப்பியைக் கொண்டுபோய் நீரில் போட்டது. மேனேஜரம்மா புடவையைச் செருகிக்கொண்டு வீசினார். அவருக்கும் வாழ்க்கையில் அதுதான் முதல் வீச்சு, எங்களைவிட மோசமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மதியம் தாண்டி, ஸ்விவல் இல்லாத தவளையை நான் இழுத்துக்கொண்டிருந்தபோது தாமரை இலைகளுக்கு நடுவில் தண்ணீர் உடைந்தது. கை வளைகிற கனத்தில் ஒரு விரால். நரம்பு முறுக்கவில்லை. முதலாளி துள்ளினார். எனக்கு இலக்கியத்தில் கிடைக்காத பரிசெல்லாம் ஒன்றாகக் கிடைத்தமாதிரி இருந்தது.

"வுடுங்க சார் அத்த" என்றார் மேனேஜரம்மா.

"ஏங்க?"

"பொரட்டாசி."

விட்டேன். ஐப்பசி பிறக்கட்டும் என்று அதுவும் போய்விட்டது.

மிச்சக் கதை வேகமானது. ஸ்விவல் முழுக்க ஏரி செட்டுக்கு. தவளை அது இல்லாமல் போகும். அச்சடித்த உறையை என்ன செய்வது? ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பது. ஸ்டிக்கரில் போட ஒரு வாசகம் யோசிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்று மேனேஜரம்மாவே சொல்லிவிட்டார்: 'தவளை. விராலுக்கு.' இரண்டு சொல். நடம் இல்லை, நாடி இல்லை. அந்த ஸ்டிக்கரை ஒட்டுகிற வேலையே பெஞ்சுக்குக் கூடுதல் வேலை ஆனது.

சந்தை நாளில் அந்த வண்டி வந்தது. பட்டறை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தான். பெண்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. ஆள் பிடிக்கிறவன் இறங்கி ஜன்னலில் எட்டிப்பார்த்தான்.

"இன்னாக்கா, ஏறலியா? தோட்டத்துல ஆள் கேக்கறாங்க."

"வேல கீது, நீ போ" என்றார் பெஞ்சின் கடைசியில் இருந்த பெண்.

"இன்னா வேல?"

"சார் வாய ஒட்டிகினு கீறோம்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. உறைமேல் என் வாக்கியத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து மூடினாள் ஒருத்தி. வண்டி ஹாரனை இன்னொருமுறை அடித்துப் பார்த்துவிட்டு வளைவில் இறங்கிப் போனது. சரக்கு அறை வாசலில் மேனேஜரம்மா அந்தச் சத்தம் தேய்கிறவரை நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா தவள சார், ஒக்காந்து நீங்களும் ஒட்டுங்க" என்றார். ஒட்டினேன். என் எழுத்துக்கு நானே போட்ட மூடி என்பதால் ஓரங்களெல்லாம் நன்றாகப் படிந்திருந்தன.

கொஞ்ச காலம் கழித்து நான் மலையிறங்கிப் பத்திரிகைகளுக்கு எழுதுகிற தொழிலுக்கு வந்துவிட்டேன். இங்கே சரக்குத் தட்டுப்பாடு வேறு மாதிரி. ஆசிரியர்கள் புதுத் தொடர் கேட்கும்போதெல்லாம் இது எதைத் தின்னும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் என் தூக்கத்தை. சில சமயம் வாசகருக்குத் தூக்கத்தைக் கொடுத்து ஈடுகட்டுகிறது.

போன வாரம் மேனேஜரம்மா போன் செய்தார்.

"தவள சார், நல்லாகீறீங்களா? புதுசா எலி ஒண்ணு போட்றோம். உறைக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"எலி என்ன தின்னும்?"

"அத்தெல்லாம் பார்த்தாச்சு. நீங்க வரிய குடுங்க."

"பெஞ்சு எப்படி இருக்கு?"

"கீது" என்றார். ஒரே சொல். அவர் வாயிலிருந்து வந்தால் கை வைத்துத் தொட்டுப்பார்க்கக்கூடிய சொல். இடம் போதாமல் இன்னொரு பெஞ்சும் போட்டிருப்பதாகப் பின்னால் யாரோ கத்தினார்கள்.

"வரி எப்ப தருவீங்க?"

"வந்துகினே கீது" என்றேன்.

"அப்ப 'இல்ல'ன்னு சொல்லுங்க சார்" என்று வைத்துவிட்டார்.

தவளை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எலிக்கு ஒரு நீளமான, அழகான வாக்கியம் தோன்றிவிட்டது. எழுதி, பக்கத்தில் அந்தப் பழைய உறையை வைத்துப் பார்த்தேன். ஸ்டிக்கர் இன்னும் ஒரு மூலைகூட எழவில்லை. என் வாக்கியத்தை அடித்துவிட்டு, கீழே எழுதினேன்: 'எலி. இதுவும் விராலுக்கு.' ஒரு சொல் கூடுதல்தான். அதை அவர் வெட்டிக்கொள்வார்.